மதுக்கடைத் தோட்டத்தில் பிறந்த மேடை

ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த நேயர்களுக்குத் திருவிழா நாடகம் மறந்திருக்காது. கேஸ் விளக்கு, சேலையால் கட்டிய திரை. காலையில் பால்மரம் வெட்டிய இளைஞர், இரவில் அரிதாரம் பூசித் திரௌபதியாக வந்து நிற்பார்.

ஐரோப்பிய யூதர்களின் நாடகத்துக்கும் வேர் இதுபோன்ற திருவிழா நாடகம்தான். பூரிம் திருநாளில் வீடு வீடாகப் போய் எஸ்தர் ராணி கதையை நடிப்பார்கள். எஸ்தர் வேடத்தில் வந்ததும் ஆண்தான். அவர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியைப் படித்தவர்களே கொச்சை என்று ஒதுக்கினார்கள். அந்த மொழியிலேயே, 1876இல், ருமேனியாவின் யாஷ் நகரில், ஒரு மதுக்கடைத் தோட்டத்தில் தொழில்முறை நாடகம் போட்டார் ஆப்ரகாம் கோல்ட்ஃபாடன். பாட்டும் வசனமும் கலந்த நாடகம். நம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அப்போது ஒன்பது வயது!

1883இல் ரஷ்யப் பேரரசு இத்திஷ் நாடகத்தைத் தடை செய்தது. கலைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனார்கள். பிழைக்கப் போன இடத்தில் தாய்மொழி வசனம் கேட்பது என்ன சுகம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பேரரசு வீழ்ந்த பிறகு மாஸ்கோவில் யூத அரங்கு எழுந்தது. 1920இல் அதன் சுவர்களுக்காக மார்க் ஷகால் ஓவியம் தீட்டினார். 1948இல் அரங்கின் தலைவர் சாலமன் மிகோயல்ஸ் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார். மறு ஆண்டே அரங்கையும் மூடிவிட்டார்கள். ஷகாலின் ஓவியங்கள் தப்பிப் பிழைத்து, மாஸ்கோவின் டிரெத்தியாக்கோவ் ஓவியக்கூடத்தைச் சேர்ந்தன.