கூரையைத் தாண்டாத சுவர்

மலைவீடுகள் – 9

நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் 1894இல் எழுந்த தபால் நிலையத்தின் செங்கல் சுவர் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு, ஹில் கிளப்பின் கல் முகப்பை வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இங்கிலாந்தைப் பார்த்தாயிற்று என்று மலையிறங்கிவிடுகிறார்கள். சென்ற வாரம் நாமும் அங்கேதான் சுற்றினோம். இந்த வாரம் தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்குப் போவோம். அதற்கு அப்பால் காடும் ஹோர்ட்டன் சமவெளியும்தான்.

இந்தப் பக்கத்தில் வெள்ளைக்காரன் கட்டின வீடு எது என்று கேட்டால் சிறுபிள்ளையும் மேட்டைக் காட்டும். துரை பங்களா. புகைபோக்கி, புல்வெளி, பூப்பாத்தி எல்லாம் அங்கே உண்டு. ஆனால் லண்டனிலோ பாத் நகரிலோ உள்ள பழைய நகர வீட்டின் அமைப்பை அறிந்த ஒருவரை இங்கே கூட்டிவந்தால், அவர் கண் மேட்டில் அதிக நேரம் தங்காது. பள்ளத்தில் நீளமாகக் கிடக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தின் மேல்தான் போய் விழும்.

காரணம் எளியது. ஆங்கில நகர வீடு தனி வீடு அல்ல, வரிசை வீடு. நகரத்தில் தெருவை ஒட்டிய நிலத்துக்குத்தான் விலை அதிகம். அதனால் முகப்பைக் குறுக்கி, உள்ளே நீளமாகவும் மேலே உயரமாகவும் கட்டினார்கள். இடப்பக்கச் சுவர் ஒரு வீட்டோடு பொது, வலப்பக்கச் சுவர் இன்னொரு வீட்டோடு பொது. கணப்பு அடுப்புகளைப் பெரும்பாலும் அந்தப் பொதுச் சுவரிலேயே பதித்து, இரு வீட்டுப் புகையையும் ஒரே கோபுரமாக மேலே கொண்டுபோனார்கள். சமையற்கட்டு நிலவறையில், வேலையாட்கள் கூரைக்குக் கீழுள்ள சிற்றறையில். வரிசையில் இருப்பது ஏழைமைக்கு அடையாளமும் இல்லை. 1767இல் தொடங்கி 1774இல் முடிந்த பாத் நகரின் ‘ராயல் கிரசென்ட்’ 30 வீடுகள் சேர்ந்த ஒரே வளைவு. பெருஞ்செல்வர்கள் சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த இடம் அது.

அந்தப் பொதுச் சுவருக்கு ஒரு கதை உண்டு. 1666 செப்டெம்பரில் ஒரு பேக்கரியில் பிடித்த தீ நான்கு நாளில் லண்டன் நகரின் பெரும்பகுதியைத் தின்றது. மர வீடுகள், ஒட்டி ஒட்டி நின்ற கூரைகள். மறுவருடமே சட்டம் வந்தது: இனிச் சுவர் செங்கல்லாலோ கல்லாலோ மட்டும்தான். அதுவும் போதாது என்று 1707இல் இன்னொன்று: வீட்டுக்கு வீடு உள்ள நடுச்சுவர் கூரையோடு நின்றுவிடக்கூடாது, கூரையைத் துளைத்து அதற்கு மேலும் எழவேண்டும். ஒரு வீட்டுக் கூரையில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவ வந்தால் சுவரில் முட்டி நிற்கவேண்டும் என்பது கணக்கு. லண்டனின் பழைய தெருக்களில் கூரைகளுக்கு நடுவே வரப்புப்போல் எழுந்து நிற்கும் அந்தச் சுவர்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

மேட்டுப் பங்களாவுக்கு இந்தப் பொதுச் சுவரே கிடையாது. அதன் பூர்வீகம் வங்காளம். நான்கு பக்கமும் வெளி, முன்னால் வராந்தா, ஒரே தளம், பின்பக்கம் ஒதுங்கிய குசினி. இந்தியாவில் பழகிய வெள்ளைக்காரன் அதை இங்கே கொண்டுவந்து, குளிருக்காகக் கணப்பையும் புகைபோக்கியையும் ஒட்டிக்கொண்டான். அழகான வீடுதான், மறுக்கவில்லை. அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

லயத்துக்கு வருவோம். கோப்பிக் காலத்துக் குடியிருப்பு பெரும்பாலும் மண்ணும் புல்லும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களில்தான் நிறைய ஆள் வேண்டும். முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. கொழுந்து வருடம் முழுக்கத் துளிர்க்கும். பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும். ஆள் நிலையாகத் தங்க, வீடும் நிலையாக நின்றது. 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டபின் கூரைத் தகரம் மலையேறுவது சுலபமாயிற்று.

ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது சிறு திண்ணை. இப்படிப் பன்னிரண்டு காம்பரா ஒரு வரிசை. இரட்டை லயமானால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. அதில் பின்கதவு என்ற பேச்சே இல்லை, காற்றும் ஒரு பக்கம்தான். இதுவும் ஆங்கிலத் தொழில் நகரங்கள் நன்றாக அறிந்த அமைப்பு. லீட்ஸிலும் பர்மிங்காமிலும் ஆலைத் தொழிலாளருக்கு இப்படி ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். சுகாதாரக் கேடு என்று 1909இல் புதிதாகக் கட்டுவதைச் சட்டம் தடுத்தது. லீட்ஸ் மட்டும் சாக்குச் சொல்லி 1937 வரை இழுத்தது. பர்மிங்காமில் மிஞ்சிய ஒரு தொகுதியை 2004 முதல் அருங்காட்சியகமாக்கிக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். நமக்கு அந்தச் செலவில்லை.

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது. அதற்கும் முன்னால், 1662இல், அடுப்பு ஒன்றுக்கு வருடம் இரண்டு ஷில்லிங் வரி. ஜன்னல் வரி இங்கே வந்திருந்தால் லயத்தார் அநேகமாகத் தப்பித்திருப்பார்கள். அடுப்பு வரியில் மாட்டியிருப்பார்கள். அடுப்பு உண்டு, புகைபோக்கிதான் இல்லை. புகை தகரத்தில் முட்டி, திரும்பி, பிள்ளை தூங்கும் இடத்துக்கே வரும்.

அந்தத் தகரமும் பங்களாவின் தகரமும் ஒரே சரக்கு. பங்களாவில் அதற்குக் கீழே பலகை அடித்த சீலிங் உண்டு. லயத்தில் இல்லை. அதைவிட முக்கியமான குறை, பழைய லயங்கள் பலவற்றில் காம்பராவுக்குக் காம்பரா உள்ள நடுச்சுவர் கூரைவரைகூட ஏறுவதில்லை. மேலே ஒரு இடைவெளி. பக்கத்து வீட்டுச் சண்டை, இருமல், கருவாட்டு வாசம் எல்லாம் அதன் வழியாக வந்துபோகும். தீயும் அதன் வழியாகத்தான் போகும். மலையகச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம்: லயன் குடியிருப்பில் தீ, மின்னொழுக்கு காரணமாக இருக்கலாம், இத்தனை குடும்பங்கள் பாடசாலையில் தங்கவைப்பு. ஒரு காம்பராவில் பிடித்தது வரிசை முழுக்க ஓடிவிடும். உடுப்பு, அடையாள அட்டை, பிள்ளைகளின் புத்தகம் என்று எதுவும் மிஞ்சாது. அதை விதி என்று சொல்லிக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். வரிசை வீட்டில் தீயை எப்படி நிறுத்துவது என்பது லயத்தைக் கட்டினவர்களின் ஊரில் 1707இலேயே சட்டமாகியிருந்த பாடம். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கழிந்து இங்கே வரிசை வீடு கட்டியபோது, வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு சுவரை விட்டுவிட்டார்கள்.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. கைகள் மாறினாலும் லயத்தின் வரைபடம் மாறவில்லை. இப்போது தனிக் காணியில் தனி வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியில் 4,000 வீடுகள், 2017இல் நோர்வூட்டுக்கு வந்த மோடி அறிவித்த மேலும் 10,000. நல்லது. ஆனால் எல்லாருக்கும் அந்த முறை வரும்வரை லயத்தில்தான் இருந்தாகவேண்டும். அதற்குள் பல லயங்களின் தகரத்தை ஒருமுறையாவது மாற்றுவார்கள். தகரத்தைக் கழற்றியிருக்கும் அந்த ஒரு வாரத்தில், நடுச்சுவரின் மேல் நாலு வரிசை சீமெந்துக் கல்லை ஏற்றிக் கூரைக்கு வெளியே ஒரு முழம் எழுப்பிவிட்டால் போதும். பெரிய எஞ்சினியர் தேவையில்லை. தோட்டத்து மேசன் செய்துவிடுவார். தகரம் கொடுக்கும் கம்பனியும், தகரம் வாங்கிக் கொடுத்ததாகப் படம் பிடித்துக்கொள்ளும் அரசியல்வாதியும், கல்லையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்.

(தொடரும்)