திண்டுக்கல் சீமையைப் படம் பிடிப்போருக்கு

சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் மணப்பாறையைத் தாண்டி அய்யலூர்க் குன்றுகளுக்கிடையே புகும் வேளையில், பிரயாணிகளில் பாதிப்பேர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மீதிப்பேர் கைப்பேசியில் எங்கோ தூர தேசத்து மலைகளையும் மிருகங்களையும் கண்டு வியந்துகொண்டிருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே நகர்ந்து செல்லும் காடு என்ன காடு, அதில் என்ன பிராணி வாழ்கிறது என்று கேட்பவர் அரிது. வடமதுரை வந்து, பின்னர் திண்டு போன்ற அந்தப் பெரும் பாறையும் கண்ணில் படும்போதுதான், "திண்டுக்கல் வந்துவிட்டது, பூட்டும் பிரியாணியும் இவ்வூரில் பிரசித்தம்" என்று யாரேனும் ஒருவர் சொல்வார். அத்துடன் திண்டுக்கல்லின் பெருமை முடிந்துவிடும்!

உலகில் இன்று பிரயாணப் படங்களுக்கென்றே எத்தனையோ போட்டிகள் நடக்கின்றன. பதக்கங்களும் பணமுடிப்புகளும் வழங்கப்படுகின்றன. பரிசு பெறும் படங்களைப் பொதுவாக மூன்று வகையில் அடக்கிவிடலாம்: நிலக்காட்சி, வனவிலங்கு, மனிதர். இம்மூன்றையும் தேடி ஆப்பிரிக்காவுக்கோ ஆல்ப்ஸ் மலைக்கோ போகவேண்டிய அவசியமில்லை. திண்டுக்கல் நகரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் ஒரு வட்டம் சுற்றி வந்தாலே மூன்றும் கிடைக்கும். ஆனால் படம் எடுப்பது எப்படி என்பதைக் காட்டிலும், எதைச் செய்து படம் எடுக்கலாகாது என்பதே இன்று பெரிய கேள்வியாயிருக்கிறது. அதைப் பற்றியே இங்கு விசாரிக்க விரும்புகிறோம்.

பாறையும் பரதேசிகளும்

திண்டுக்கல் பாறைமேல் மதுரை நாயக்கர் கோட்டை எழுப்பத் தொடங்கியது 1605-ஆம் ஆண்டில். பின்னர் அது மைசூர்க்காரர் வசமாயிற்று. ஹைதர் அலியின் ஆதரவை நாடி வந்த வீரமங்கை வேலு நாச்சியார், இந்தச் சீமையைச் சேர்ந்த விருப்பாட்சியில் தங்கித்தான் படை திரட்டினார். 1790-ல் கோட்டை கும்பெனியார் கையில் விழுந்தது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சீமை முழுவதும் அவர்களுக்கே உரியதாயிற்று.

யுத்தப் புகை அடங்கிய அதே 1792-ல், தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்ற இரண்டு ஆங்கிலச் சித்திரக்காரர்கள் இப்பக்கம் வந்தார்கள். இவர்கள் சிறிய தகப்பனாரும் அண்ணன் மகனும் ஆவர். போட்டோ என்பது அப்போது பிறக்கவேயில்லை. ஆனால் வெளிக்காட்சியைத் துளை வழியே உள்ளே விழச் செய்யும் இருட்டுப் பெட்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. அதன் உதவியால் கோடுகளைப் பிசகின்றி வரைந்துகொண்டார்கள். திண்டுக்கல் சீமையில் ஆத்தூர் அருகே கண்ட காட்சியொன்று அவர்களுடைய புகழ்பெற்ற சித்திரத் தொகுதியில் இடம் பெற்றிருக்கிறது. கீழ்ப்பழனி மலைகளின் அடிவாரத்திலுள்ள அந்த ஆத்தூரில்தான் இன்று காமராஜர் நீர்த்தேக்கம் இருக்கிறது.

அந்தப் படங்களை லண்டனில் செல்வந்தர்கள் வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். ஆத்தூர்க்காரர் யாரும் அவற்றைப் பார்த்திருப்பாரென்று தோன்றவில்லை. நம்மைப் பிறர் பார்ப்பது, பார்த்ததைத் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்வது என்ற வழக்கம் அன்று தொடங்கி நெடுங்காலம் நடந்தது.

பரிசு பெற்ற காப்டன்

போட்டோ வந்த பிறகும் அதே கதைதான், சிறிது மாற்றத்துடன். 1855-ல் சென்னையில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற கும்பெனி ராணுவக் காப்டன், பேலூர், ஹளேபீடு முதலிய இடங்களில் எடுத்த படங்களை அதில் வைத்து முதல் வகுப்புப் பதக்கம் பெற்றார். தென்னாட்டில் பிரயாணப் படத்துக்குப் பரிசு கொடுத்த வரலாறு ஏறக்குறைய அங்கே தொடங்குகிறது எனலாம். பிறகு அவர் சென்னை ராஜதானியின் உத்தியோகப் போட்டோக்காரராக நியமனம் பெற்று, 1857 டிசம்பரில் பங்களூரிலிருந்து புறப்பட்டார். மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். மெழுகு பூசிய காகிதமே அவருக்குப் பிலிம். ஒரு படம் பதியச் சில நிமிஷங்கள் ஆகும். அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க மனிதரால் ஆகுமா? ஆகவே அவருடைய படங்களில் கோபுரங்கள் இருக்கின்றன, மண்டபங்கள் இருக்கின்றன; ஊர் ஜனங்களை மட்டும் பெரும்பாலும் காணோம்!

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியிலுள்ள கல்வெட்டுக்களை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார் அந்த மனிதர். அவருடைய பொறுமையை யார்தான் மெச்சாமலிருக்க முடியும்? எனினும் ஒரு சிறு குறும்பும் உண்டு. அக்காலத்து முறையில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். ஆகவே சில படங்களில் மேகங்களை அவர் தம் கையாலேயே தீட்டிவிட்டார்! படத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கைவேலை என்ற வழக்கு அன்றே பிறந்துவிட்டது.

தேவாங்கின் இரவு

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. லண்டன் இயற்கைப் பொருட்காட்சிசாலையார் நடத்தும் வனவிலங்குப் படப்போட்டி உலகப் பிரசித்தமானது. 2009-ல் அதில் தலைப்பரிசு பெற்றது, வேலிக்கதவைத் தாண்டும் ஓநாய் ஒன்றின் படம். அது காட்டு ஓநாயல்ல, பெரும்பாலும் பழக்கிய ஓநாயே என்று தேர்வாளர்கள் முடிவு கட்டி, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்துக்கொண்டார்கள். 2017-ல் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படமும் அவ்வாறே. படத்திலிருந்தது பஞ்சடைத்த பொம்மை என்று கண்டு, 2018-ல் அதை நீக்கினார்கள். எடுத்தவர்கள் இருவரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பரிசு மோகம் மனிதரை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பதற்கு இவை போதாவா?

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. அதே போட்டியில் 2023-ல் பரிசு பெற்ற படங்களில் ஒன்று, பழனி மலைகளுக்கு மேற்கேயுள்ள ஆனைமலைக் காட்டில் ஸ்ரீராம் முரளி என்பவர் எடுத்தது. இருண்ட வனத்தில் மின்மினிகள் விளக்கேற்றிக் கொண்டாடும் காட்சி அது. பத்தொன்பது வினாடி வீதம் ஐம்பது படங்கள் எடுத்து, அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கினார். அப்படிச் சேர்த்ததை ஒளிக்காமல் சொன்னார். வெளியிலிருந்து ஒரு விளக்கும் கொண்டு போகவில்லை. மின்மினி கொடுத்த வெளிச்சமே போதுமாயிருந்தது.

இப்போது அய்யலூர்க் காட்டுக்குத் திரும்புவோம். அங்கே வாழும் அதிசயப் பிராணி தேவாங்கு. மெலிந்த மனிதரைப் பார்த்து, "தேவாங்கு மாதிரி இருக்கிறான்" என்று பரிகாசம் செய்கிறோம். பரிகாசம் செய்பவர்களில் தேவாங்கைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? குரங்கினத்துக்குத் தூரத்து உறவான இந்தச் சிறு ஜீவன் ஒரு சாண் அளவுதான் இருக்கும். வால் இல்லை, கை கால்கள் குச்சிபோல இருக்கும், முகத்தில் பாதி கண். பகலெல்லாம் புதரிலும் மரத்திலும் சுருண்டு உறங்கும். இரவில் கிளைக்குக் கிளை மெல்ல மெல்ல நகர்ந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். குடியானவனுக்கு ஓசையின்றி உபகாரம் செய்யும் இப்பிராணியை, மருந்துக்கென்றும் மாந்திரீகத்துக்கென்றும் பிடித்து வதைத்த கொடுமை நம் நாட்டில் நெடுநாள் நடந்தது. காடு அருகுவதும், சாலை கடக்கையில் வண்டியில் அடிபடுவதும் இன்றைய ஆபத்துக்கள்.

2022 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார், கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களைச் சேர்ந்த 11,806 ஹெக்டேர் வனத்தைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாகப் பிரகடனம் செய்தார்கள். தேவாங்குக்கென்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுவே. இது நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமை வந்தால் கூட்டம் வரும். கூட்டத்துடன் காமிராவும் வரும். இருட்டில் வாழ்வதற்கென்றே அமைந்தவை தேவாங்கின் அந்தப் பெரிய விழிகள். எதிரே பளீரென்று பிளாஷ் அடித்தால் அதன் கதி என்ன? கண் கூசித் திகைத்து இரை தேடுவதை விட்டுவிடும்; கிளையில் உறைந்து நிற்கும். அந்த ஒரு கணத்துப் படத்துக்கு நூறு பேர் பாராட்டுச் சொல்லலாம். தேவாங்குக்கு மிஞ்சுவது பட்டினியும் பயமுமே. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மங்கலான சிவப்பு விளக்கை மட்டும் கொண்டு, வன இலாகாவின் அனுமதி பெற்று, எட்ட நின்று பார்க்கிறார்கள். இன்ன மரத்தில் கண்டோம் என்ற அடையாளத்தையும் ஊருக்குச் சொல்வதில்லை.

நம் தமிழ்நாட்டு மா. கிருஷ்ணன் இவ்விஷயத்தில் வழிகாட்டியாக வாழ்ந்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான அவர், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தார். பல பாகங்களைத் தாமே பொருத்தி ஒரு விசித்திரமான பெரிய காமிராவை அமைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் காட்டெருமைகளையும் படமெடுத்தார். 1970-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. படம் அவருக்கு முடிவல்ல. பிராணியைப் புரிந்துகொள்ள அதுவும் ஒரு வழி, அவ்வளவே.

பூட்டுக்காரரின் கை

மூன்றாவது வகை மனிதர். இதுவே மிகவும் கடினமானது. ஏனெனில் பாறை வெட்கப்படாது. தேவாங்கு வழக்குத் தொடராது. மனிதருக்கோ மானம் உண்டு.

திண்டுக்கல்லில் படமெடுக்கத்தக்க முகங்களுக்குக் குறைவில்லை. மாங்காய்ப் பூட்டுக்குச் சாவியை அரம் போட்டு இழைக்கும் தொழிலாளி இருக்கிறார். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மலிவான இயந்திரப் பூட்டுக்களோடு போட்டியிட மாட்டாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு நூலால் முடிச்சுப் போடும் பெண்மணிகள் இருக்கிறார்கள். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுக்கள். ஒவ்வொன்றும் விரல் நுனியின் வேலை. சிறுமலையில் குதிரைமேல் வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் ஏற்றிக் காட்டுவழியே நடத்திவரும் மலைக்காரர் இருக்கிறார்.

இவர்களைப் படமெடுப்போர் பெரும்பாலும் செய்வது என்ன? சுருக்கம் விழுந்த முகமாகத் தேடுகிறார்கள். "தாத்தா, கொஞ்சம் சோகமாகப் பாருங்கள்" என்கிறார்கள். எடுத்துக்கொண்டு போய், "வறுமையின் முகம்" என்று தலைப்புக் கொடுத்துப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். தம் தொழிலில் நாற்பது வருஷம் தேர்ந்த கம்மியர், பெயரில்லாத பரம ஏழையாகிவிடுகிறார்! 1984-ல் அகதி முகாமொன்றில் எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படம் மறு வருஷம் அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில் வந்து உலகையே மயக்கியது. அவள் பெயர் ஷர்பத் குலா என்பது உலகுக்குத் தெரிந்தது 2002-ல்தான். அதுவரை அவளும் தன் படத்தைக் கண்டதில்லை. உலகமே அறிந்த முகம். அதற்குரியவளோ ஒன்றும் அறியாள். இதைவிட விநோதம் வேறென்ன வேண்டும்?

மூன்று நிபந்தனைகள்

இவற்றுக்கெல்லாம் விதிகள் வகுக்க ஏதேனும் சர்வதேச மகாநாடு கூட்ட வேண்டுமோ என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. காந்தி மகாத்மாவே வகுத்துத் தந்திருக்கிறார். அவருடைய உறவுப் பேரரான கனு காந்தி, 1930-களின் பிற்பகுதியில், ஆசிரமத்தில் படமெடுக்க விரும்பியபோது, மகாத்மா மூன்று நிபந்தனைகள் விதித்தார்: பிளாஷ் விளக்குப் போடக்கூடாது, படத்துக்காக நிற்கும்படி தம்மைக் கேட்கக்கூடாது, ஆசிரமத்துப் பணம் இதற்குச் செலவாகக்கூடாது. கனஷ்யாம்தாஸ் பிர்லா கொடுத்த நூறு ரூபாயில் காமிராவும் பிலிமும் வாங்கப்பட்டன. இந்த மூன்று கட்டுக்களுக்கு உட்பட்டு கனு காந்தி எடுத்த படங்களே, மகாத்மாவின் கடைசிப் பத்தாண்டுகளை இன்றும் நம் கண்முன் நிறுத்துகின்றன.

சின்னாளபட்டியை அடுத்து, 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் இருக்கிறது. அந்த வழியே போகிறவர்கள் இந்த மூன்று நிபந்தனைகளையும் காமிராப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். பிளாஷ் வேண்டாம் என்பது தேவாங்குக்குப் பொருந்தும். நிற்கச் சொல்லாதே என்பது பூட்டுக்காரருக்கும் முடிச்சுப் போடும் அம்மாளுக்கும் பொருந்தும். ஆசிரமத்துக்குச் செலவு வைக்காதே என்பதன் உட்பொருள், படம் எடுக்கும் பாரத்தை எடுக்கப்படுவோர் தலையில் ஏற்றாதே என்பதுதான். அவருடைய வேலை நேரம் கெடலாகாது. அவருடைய மானமும் கெடலாகாது.

இவற்றுடன் நாம் வேண்டுவது இன்னும் இரண்டே. படத்தின் கீழே, இசைவு பெற்று, அவர் பெயரையும் தொழிலையும் எழுதுங்கள். பிரதி ஒன்று அச்சடித்து அவருக்கே அனுப்புங்கள். டானியல்களும் டிரைப்பும் செய்யாத காரியம் இது, நம்மவர்கள் செய்யக்கூடியது.

விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு திண்டுக்கல் போகிறவர்கள், வெயில் ஏறுமுன் பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் சிறுமலை, மறு பக்கம் பழனி மலைகள், நடுவே செம்மண் நிலமும் பனைகளும் தென்படும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் போனால் மலைமேல் மேகமும் தவழும். அதை யாரும் கையால் தீட்ட வேண்டியதில்லை. குழந்தைகள் முதலில் கால் மணி நேரம் சும்மா பார்க்கட்டும். காமிராவை அதற்குப் பிறகு அவர்கள் கையில் கொடுக்கலாம்.