களத்துமேட்டில் போட்டுப் பார்க்க ஐந்து படங்கள்



விவசாயியைப் பற்றிய சினிமா என்றால் நமக்குப் பழகிப்போனது ஒரே மாதிரிதான். கதாநாயகன் வெளியூரிலிருந்து வருவான், ஏரைப் பிடித்து ஒரு பாட்டுப் பாடுவான், கடைசியில் மேடையேறி "விவசாயி இல்லேன்னா சோறு ஏது?" என்று கேட்பான். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருவோம். மறுநாள் வயலுக்குப் போனால் அதே களை, அதே கடன், அதே வியாபாரி.

இங்கே நான் சொல்லப்போகும் ஐந்து படங்கள் வேறு வகை. பார்த்தவர்கள் மனசிலேயே வைத்திருக்கும் படங்கள். ஆனால் நம் கூட்டங்களில் பெயரைச் சொன்னால், "அப்படி ஒண்ணு வந்துச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். நிலம், தண்ணீர், விலை, தேனீ, மண் என்று ஒவ்வொரு படமும் நம்முடைய ஒரு சிக்கலைத் தொடுகிறது. அதனால் கதையோடு, பார்த்து முடித்ததும் எதைப் பேசலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை (2018)

லெனின் பாரதி இயக்கிய தமிழ்ப்படம். தயாரித்தவர் விஜய் சேதுபதி, இசை இளையராஜா. அப்படியிருந்தும் தியேட்டரில் பார்த்தவர்கள் குறைவு. தேனிப் பக்கம் மலையேறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வரும் கூலிக்காரர்களின் கதை. நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதி மக்களே.

ரங்கசாமி மூட்டை சுமக்கிறவன். அவனுக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஒரு துண்டு நிலம். சிறுகச் சிறுகக் காசு சேர்க்கிறான், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே விழுகிறது. ஒருவழியாக நிலம் கைக்கு வருகிறது. படத்தின் பாதி நேரம் அவன் நிலம் வாங்குவானா என்று நாம் தவித்துக்கொண்டிருப்போம். ஆனால் நாம் உற்றுப் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு வருவதைத்தான். விதையும் உரமும் கடனுக்கு வருகின்றன. கொடுப்பவர் நல்லவிதமாகத்தான் பேசுகிறார், யாரும் கத்தியைக் காட்டி மிரட்டவில்லை. கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் நிலம் போய்விடுகிறது. அந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு ரங்கசாமியே காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான்.

இயற்கை விவசாயத்தின் நன்மை என்று நஞ்சில்லாத உணவைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இடுபொருளுக்குக் கடைக்காரரிடம் கை நீட்டாமல் இருப்பது அதே அளவுக்கு முக்கியம் என்பதை இந்தப் படம் ஒரு சொற்பொழிவும் இல்லாமல் காட்டிவிடுகிறது. படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் போன பருவத்தில் கடையில் வைத்த பாக்கி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். அன்றைய பேச்சு தானாகத் தொடங்கும்.

ழான் த ஃப்ளோரெட் (1986)

பட்டணத்து வேலையை விட்டுவிட்டு நிலம் தேடி வரும் தம்பி தங்கைகளுக்காகவே இதைச் சேர்த்திருக்கிறேன். மார்செல் பாஞோல் எழுதிய கதையை வைத்து க்ளோத் பெர்ரி எடுத்த பிரெஞ்சுப் படம். பிரான்சில் பெரிதாகக் கொண்டாடப்பட்டது, நம் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

தென்பிரான்சின் வறண்ட மலைக்கிராமம். நகரத்தில் வரி வசூல் வேலை பார்த்த ழான், தாய்வழியில் கிடைத்த நிலத்துக்கு மனைவி, குழந்தையோடு குடிவருகிறான். முயல் வளர்ப்பு, காய்கறி, மழைக் கணக்கு எல்லாவற்றையும் புத்தகத்தில் படித்து வைத்திருக்கிறான். அவன் நிலத்திலேயே ஒரு ஊற்று உண்டு. அது அவனுக்குத் தெரியாது. அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருக்கும் பக்கத்துக்காரர்கள் இருவர், அவன் வருவதற்கு முன்பே ஊற்றுக்கண்ணைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். ழான் தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து ஓய்கிறான். கிணறு தோண்ட வெடி வைக்கும்போது அடிபட்டு இறந்தும் போகிறான்.

இதில் என்னை உலுக்கியது ஊரின் மௌனம். ஊற்று இருக்கும் சங்கதி ஊர்க்காரர்களுக்குத் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அவன் வெளியாள். புதிதாக நிலம் வாங்குகிறவர்கள் மண் பரிசோதனைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்களோடு திண்ணையில் உட்கார்ந்து, "முன்னாடி இங்க தண்ணி எப்படி வந்துச்சு, எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்று கேட்பது. நம் ஊருக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. புதிதாக வருபவரிடம் நாம் எதை மறைக்கிறோம்? இதன் இரண்டாம் பாகமான 'மனோன்' படத்தில் ழானின் மகள் அந்த ஊருக்குக் கணக்குத் தீர்க்கிறாள். அதையும் விடாதீர்கள்.

மந்தன் (1976)

ஷ்யாம் பெனகல் இயக்கிய இந்திப் படம். குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்துத் தயாரித்தார்கள். ஸ்மிதா பாட்டீல், கிரிஷ் கர்னாட், நசிருதீன் ஷா நடித்தது. 2024இல் புதுப்பிக்கப்பட்டு கான் விழாவில் திரையிடப்பட்டது.

ஊருக்கு வரும் கால்நடை மருத்துவர் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சோதித்துப் பார்த்து விலை பேசச் சொல்கிறார். அதுவரை வாங்குகிறவர் வைத்ததுதான் விலை. ஆனால் கூட்டுறவைத் தொடங்கியதும் சாதி குறுக்கே வந்து நிற்கிறது. தலைவர் பதவி யாருக்கு என்ற சண்டையில் பாதி பலம் போகிறது. கடைசியில் மருத்துவர் மாற்றலாகிப் போய்விடுகிறார், ஊர்க்காரர்கள்தான் தொடர வேண்டியிருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறவர்கள் நிர்வாகக் குழுவோடு உட்கார்ந்து பாருங்கள். "நம்ம குழுவிலும் இருக்கே இந்தச் சண்டை" என்று யாராவது நிச்சயம் சொல்வார்.

ஹனிலேண்ட் (2019)

வடக்கு மாசிடோனியாவில் ஹதிட்ஸே என்ற பெண்ணை மூன்று வருடம் பின்தொடர்ந்து எடுத்த ஆவணப்படம். ஆஸ்கருக்கு இரண்டு பிரிவுகளில் பரிந்துரையானது. படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொண்டு மலைத்தேன் எடுத்துப் பிழைக்கிறார். தேனில் பாதி தனக்கு, பாதி தேனீக்கு என்பது அவருடைய விதி. பக்கத்தில் குடிவந்த குடும்பத்துக்கும் தொழிலைக் கற்றுக்கொடுக்கிறார். அவர்களோ நிறையப் பிள்ளைகள் உள்ள ஏழைகள். வியாபாரி நெருக்க, பாதியை விட்டுவைக்காமல் தேனை வழித்து எடுக்கிறார்கள். பசித்த தேனீக்கள் ஹதிட்ஸேவின் கூடுகளைத் தாக்குகின்றன. ஒருவர் விதியை மீறியதற்கு இருவரும் இழக்கிறார்கள். அந்தக் குடும்பத்தைத் திட்டுவது சுலபம். அவர்களை நெருக்கியது எது என்று பேசுங்கள்.

பாலைவனத்தை நிறுத்திய மனிதர் (2010)

'த மேன் ஹூ ஸ்டாப்ட் த டெசர்ட்' என்பது ஆங்கிலப் பெயர். ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் யாகூபா சவாடோகோ என்ற விவசாயி 1980களின் பஞ்சத்தில் செய்ததைச் சொல்கிறது. ஊரே வறட்சிக்குப் பயந்து கிளம்பியபோது அவர் பழைய 'ஸாய்' குழி முறையைக் கையில் எடுத்தார்.

முறை இதுதான். கோடையிலேயே இறுகிய நிலத்தில் குழி வெட்ட வேண்டும். ஏறக்குறைய ஒரு சாண் ஆழம், ஒரு முழத்துக்குள் அகலம். அதில் தொழுவுரம் போட்டு வைக்க வேண்டும். உரத்தைத் தேடிக் கரையான் வரும், வந்து மண்ணைத் துளைத்துப் போகும். மழை பெய்யும்போது அந்தத் துளைகள் வழியே நீர் உள்ளே இறங்கும். குழியில் சோளமோ கம்போ விதைப்பார்கள். சரிவில் கல்வரப்பு போட்டு ஓடும் நீரையும் தடுப்பார்கள். எருவோடு வந்த விதையிலிருந்து முளைத்த மரக்கன்றுகளை யாகூபா பிடுங்கவில்லை. அவை காடாகின. முதலில் அவரைப் பைத்தியம் என்றார்கள், காட்டுக்குத் தீயும் வைத்தார்கள். 2018இல் மாற்று நோபல் எனப்படும் விருது அவருக்குக் கிடைத்தது. 2023இல் காலமானார்.

மானாவாரி நண்பர்கள் இதைச் சித்திரை மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள். அரை ஏக்கரில் குழி வெட்டிப் பார்க்க நேரம் இருக்கும்.

திரையிடுவது எப்படி?

ஒரு புரொஜெக்டர், வெள்ளை வேட்டி, ஒலிபெருக்கி இருந்தால் போதும். அடுப்படி வேலை முடிந்து பெண்களும் வரும்படி இரவு எட்டு மணிக்குத் தொடங்குங்கள். பிறமொழிப் படங்களுக்கு, முன்பே பார்த்த ஒருவர் ஒலிவாங்கியோடு நின்று கதையைச் சொல்லட்டும். ஒரே மூச்சில் ஓட்டாமல் பாதியில் நிறுத்தி, சுக்குக் காப்பி கொடுத்து, "இனி என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். காசு கொடுத்துப் பார்க்க வழி இருக்கும் படங்களைக் காசு கொடுத்தே பாருங்கள். நம் விளைச்சலுக்கு நியாய விலை கேட்கிற நாம் அடுத்தவர் உழைப்பையும் மதிக்க வேண்டும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்குங்கள். மொழித் தடை இல்லை. நம் பக்கத்து வீட்டுக் கதையும்கூட.