பழைய ரிவால்வருக்கு இவ்வளவு விலையா?



கேமரன் மலையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அவற்றில் இராணுவம் ஓட்டிக் கழித்து ஏலத்தில் விட்டவையும் உண்டு. இராணுவத்தின் கழிவுப் பொருள் ஒன்று மக்கள் கைக்கு வந்து, இன்னொரு தலைமுறைக்குச் சோறு போடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே இராணுவம் கழித்த இன்னொரு பொருளுக்கு உலகச் சந்தையில் இப்போது ஏக கிராக்கி. அதுதான் பழைய ரிவால்வர், அதாவது சுழல்துப்பாக்கி.

தோட்டத்துப் பழைய வீட்டை இடிக்கும்போதோ, லயத்துக்குப் பின்னால் மண் வெட்டும்போதோ இப்படி ஒன்று கிடைத்தால் அதற்கு என்ன விலை வரும்? கணினியில் தேடினால் வெளிநாட்டு ஏல விலைகள் கண்ணுக்கு முன் வந்து நிற்கின்றன. ஆசை யாரைத்தான் விட்டது? அந்த விலை எப்படி உண்டாகிறது, நம் நாட்டில் அந்த விலைக்கு என்ன அர்த்தம் என்பதை இன்று பார்ப்போம்.

விலை ஏறியது ஏன்?

முதல் காரணம், உற்பத்தி நின்றுபோனது. பிரிட்டிஷ் இராணுவம் 1915ல் ஏற்றுக்கொண்ட வெப்லி ஆறாம் மார்க் ரிவால்வரும், 1932ல் ஏற்றுக்கொண்ட என்ஃபீல்டு இரண்டாம் எண் ரிவால்வரும் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. 1950களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் படைகள் பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறத் தொடங்கின. கிடங்கில் தேங்கிய ரிவால்வர்கள் வியாபாரிகளிடம் போயின. இது கிணற்று நீர் அல்ல, குடத்து நீர். இறைக்க இறைக்க ஊறாது. குடம் காலியானால் காலிதான்.

இரண்டாவது காரணம், சட்டம். சேகரிப்பாளர்கள் அதிகம் உள்ள நாடு அமெரிக்கா. அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு இராணுவக் கழிவு ஆயுதங்களின் இறக்குமதியைத் தடுத்தது. 1984ல் ஒரு திருத்தம் வந்தது. 50 வயதைக் கடந்த பழம்பொருள் ஆயுதங்களுக்குக் கதவு திறந்தது. அதன் பிறகு வெள்ளம் போல் வந்தன. ரஷ்யாவின் நாகான் ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். 1895ல் பிறந்த, ஏழு தோட்டா போடும் ஆயுதம். 2000ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளில் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. பிறகு வரத்து வற்றியது. 2021ல் ரஷ்ய ஆயுத இறக்குமதிக்குப் புதிய அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியது. அதே ரிவால்வர் இன்று பல மடங்கு விலையில் நிற்கிறது.

மூன்றாவது காரணம், அரசாங்கங்கள் இப்போது விற்பதைவிட அழிப்பதையே விரும்புகின்றன. தேவைக்கு மிஞ்சிய சிறு ஆயுதங்களை அழித்துவிடுவதே மேல் என்ற கருத்தை ஐக்கிய நாட்டுச் சபை 2001ல் ஏற்ற செயல்திட்டம் முன்வைத்தது. பிரிட்டனில் டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, 1997ல் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. சுமார் 162,000 கைத்துப்பாக்கிகள் மக்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டன. கள்ளக் கைக்குப் போவதைவிட உலைக்குப் போவது மேல் என்பது அவர்கள் கணக்கு.

நான்காவது, கைபடாத பொருள் குறைவு. வெப்லிக்கு உரிய .455 தோட்டா அரிதானதால், அமெரிக்க வியாபாரிகள் அங்கே எளிதில் கிடைக்கும் .45 தோட்டாவுக்குப் பொருந்துமாறு அதன் உருளையின் பின்பக்கத்தைச் செதுக்கி விற்றார்கள். அன்றைக்கு அது வசதி. இன்றைக்கு அதுவே குறை. செதுக்காத ரிவால்வருக்குத்தான் மதிப்பு.

இந்தியாவின் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே 1980களின் நடுவிலிருந்து பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி அடைபட்டது. அதனால் பழைய இங்கிலாந்து ரிவால்வர் ஒன்று கைமாறும்போது இலட்சக்கணக்கான ரூபாய் பேசப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமம் உள்ளவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. 2020ல் வெப்லி நிறுவனமே உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் ரிவால்வர் உற்பத்தியைத் தொடங்கியது. பழைய பெயருக்கு இருந்த மவுசு அப்படி.

நம் மலையில் துப்பாக்கி வந்த வழி

சரி, கேமரன் மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. போ தேயிலைத் தோட்டம் 1929ல் தொடங்கியது. அடுத்த 30 ஆண்டுகளில் மலாயா இரண்டு ஆயுதக் காலங்களைக் கண்டது.

முதலாவது ஜப்பான்காரன் காலம். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் இருந்த மலாயா மக்கள் படைக்கு, பிரிட்டிஷாரின் 136ஆம் படைப்பிரிவு விமானத்தில் ஆயுதம் இறக்கியது. 1945 டிசம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்து வெளியேறிய வீரருக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். ஆனாலும் எல்லா ஆயுதமும் திரும்பி வரவில்லை. காட்டில் புதைக்கப்பட்டவை பல.

இரண்டாவது அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதையொட்டி அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. பிரேசர் மலைக்குப் போகும் பாதையில், 1951 அக்டோபர் 6ஆம் தேதி ஹைகமிஷனர் ஹென்றி கர்னியே சுட்டுக்கொல்லப்பட்டார். துரைமார்கள் இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் மலையில் நடமாடாத காலம் அது. தோட்டங்களுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் காவல் நின்றார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், நம்மவர்களும் இருந்தார்கள். தானா ராத்தாவில் 1951ல் பிரிட்டிஷ் இராணுவத்தாரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி திறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஆயுதப் பாதுகாப்புடன்தான் மலை ஏறினார்கள்.

ஆகவே, எங்கோ ஒரு மூலையில் துருப்பிடித்த ஒன்று இன்னும் கிடப்பது நடக்கக்கூடியதே.

ஒரு ரிவால்வரின் உண்மை விலை

இந்த நாட்டில் ஒரு ரிவால்வரின் விலையைத் தமிழர் சமுதாயம் பணத்தில் மட்டும் கணக்குப் போட முடியாது. அனைத்து மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ.கணபதி. தஞ்சை மண்ணில் பிறந்து, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். அவசரகாலச் சட்டப்படி அனுமதியின்றி ஆயுதம் ஏந்தினால் மரணதண்டனை. 1949ல் ரிவால்வரும் தோட்டாக்களும் வைத்திருந்ததாக அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இந்திய அரசாங்கம் அவர் உயிருக்காக மன்றாடியது. பலிக்கவில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அதே காலத்தில் ஜொகூரில் சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழர் மீதும் ஆயுதம் ஏந்திய வழக்கு வந்தது. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டில் அவர் விடுதலையானார். துப்பாக்கிக் குற்றச்சாட்டை மறுபடி விசாரித்து மரணதண்டனை விதித்தார்கள். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஒருமுறை விடுதலையான விஷயத்தை அடுத்த விசாரணையில் அவருக்கு எதிராகத் திருப்பக்கூடாது என்று 1950ல் தீர்ப்பு வந்தது, உயிர் பிழைத்தார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்கு அது. கையில் ஒரு துப்பாக்கி இருந்ததா, இல்லையா என்ற ஒரே கேள்வியில் இரண்டு தமிழர்களின் உயிர் ஊசலாடிய ஆண்டுகள் அவை.

இன்றைய சட்டம்

அவசரகாலம் போய்விட்டது. ஆனால் துப்பாக்கி விஷயத்தில் சட்டம் இளகவில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடும் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. குற்றச் செயலின்போது சுட்டால் முன்பு கட்டாய மரணதண்டனை. 2023ல்தான் கட்டாயம் என்பது நீக்கப்பட்டு, நீண்ட சிறைத்தண்டனை விதிக்கவும் நீதிபதிக்கு இடம் தரப்பட்டது.

"இது துருப்பிடித்தது, சுடாது, அலங்காரத்துக்குத்தான்" என்று சொல்லித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். ஆயுதத்தின் பாகங்களும் சட்டத்தின் பிடிக்குள் வருகின்றன. அசல் போலவே தோற்றமளிக்கும் போலித் துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு உண்டு. "தாத்தா வைத்திருந்தது" என்பதும் உரிமம் ஆகாது. வெளிநாட்டில் ஆயிரம் டாலர் போகிற பொருளுக்கு, உரிமம் இல்லாதவர் கையில் நம் நாட்டில் விலையே கிடையாது. வாங்குகிறேன் என்று இரகசியமாக வருபவர் சேகரிப்பாளராக இருக்கமாட்டார். அவர் கைக்குப் போகும் ஆயுதம் பிறகு எங்கே வெடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கிடைத்தால் என்ன செய்வது?

தொடாதீர்கள், துடைக்காதீர்கள், விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். பழைய ரிவால்வரின் உருளையில் தோட்டா இருக்கக்கூடும். உருண்டையாகவோ நீள்குழாயாகவோ வேறு எதுவும் பக்கத்தில் கிடந்தால் இன்னும் எச்சரிக்கை, வெடிகுண்டாக இருக்கலாம். பிள்ளைகளை விலக்குங்கள். தோட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள். 999க்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ உடனே தகவல் கொடுங்கள். எடுத்துக்கொண்டு நீங்களே போலீஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டாம். வழியில் உங்களைச் சோதனை செய்தால், ஒப்படைக்கத்தான் போனீர்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். அவர்கள் வந்து எடுப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. யார் முன்னிலையில், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்பதைக் குறித்து வையுங்கள்.

பழைய ஆயுதங்களைப் பார்க்க ஆசையா? கோலாலம்பூரில் போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

சேகரிக்கும் ஆசையையும் நான் குறை சொல்லவில்லை. உண்மையில் நமக்கு அது போதவில்லை. ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்த பெரியவரின் தொப்பிச் சின்னம், பணிச் சான்றிதழ், தோட்டத்துப் படங்கள், சம்பளச் சீட்டு, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு. இவற்றுக்கு உரிமம் வேண்டாம். போலீஸ் பயம் இல்லை. ஆனால் ரிவால்வரைவிட வேகமாக அழிந்துகொண்டிருப்பவை இவைதான். லயங்கள் இடிக்கப்படும்போது குப்பையோடு குப்பையாகப் போகின்றன. ஒரு துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதைத் துப்பாக்கி சொல்லாது. ஒரு படத்தின் பின்னால் எழுதிய பெயரும் தேதியும் சொல்லும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஏலத்தில் விலை போகாவிட்டாலும், நம் பேரப்பிள்ளைகளுக்கு மதிப்புள்ள சொத்து அதுதான்.