காவல் நிரல் விழித்திருக்கிறதா?

சென்ற ஆண்டுத் தீபாவளி மலர் அச்சேறும் வேளையில் நம் சங்க அலுவலகத்துக் கணிப்பொறி நம்மை இரண்டு நாள் அலைக்கழித்தது. மலருக்குரிய கட்டுரைகளையும் படங்களையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி அச்சகத்துக்குக் கொண்டு சென்றோம். அங்கே அதனைச் செருகிப் பார்த்தபோது ஃபோல்டர்கள் அனைத்தும் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தன. ஒவ்வொன்றும் ஓரிரு கிலோபைட் அளவே காட்டிற்று. "ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாக ஏற்றி வாருங்கள்" என்றார் அச்சகத்து அன்பர். பிழை திருத்திய இறுதிப் படியோ அந்தப் பென் டிரைவில் மட்டுமே இருந்தது. அங்ஙனம் ஒரே இடத்தில் வைத்திருந்தது நம் தவறு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

உண்மையில் ஒரு கோப்பும் அழியவில்லை. இவ்வகை வைரஸ், பென் டிரைவிலுள்ள ஃபோல்டர்களை ஒளித்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே போலிக் குறுக்குவழிகளை வைக்கிறது. நாம் நம்பிச் சொடுக்கும்போது முதலில் வைரஸ் இயங்கும். உடனே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். வேலை தடையின்றி நடப்பதனால் ஐயமே எழுவதில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் அமைப்புகளில் மறைந்துள்ள கோப்புகளைக் காட்டுமாறு தேர்ந்து, காக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் குறியையும் நீக்கினால், ஒளிந்தவை மங்கலான நிறத்தில் தோன்றும். நாமும் வேறொரு தூய கணிப்பொறியில் அவ்வாறே கண்டெடுத்தோம். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, குறுக்குவழிகளையும் முன்பின் அறியாத நிரற்கோப்புகளையும் தொடாது விட்டு, அதன் பின்னரே ஃபார்மட் செய்தோம்.

மலர் தப்பியது; வினா ஒன்று எஞ்சியது. அலுவலகக் கணிப்பொறியில் ஆன்டிவைரஸ் இருந்ததே, அது ஏன் வாய் திறக்கவில்லை?

ஆராய்ந்தபோது, ஒன்றல்ல, இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருக்கக் கண்டோம். ஒன்று விலை கொடுத்து வாங்கியது. ஆண்டுச் சந்தா முடிந்து நெடுநாளாகியும் நீக்கப்படாமல் கிடந்தது. மற்றொன்று இலவசமானது, நம் இளைஞர் ஒருவர் நல்லெண்ணத்தோடு நிறுவியது. அந்நியக் காவல் ஒன்று அமர்ந்தபடியால், விண்டோஸோடு பிறந்த டிஃபெண்டர் தன் இயல்புப்படி ஒதுங்கி நின்றது. காவலுக்கு உரிய அந்த இலவச நிரலின் நிகழ்நேரப் பாதுகாப்போ அணைக்கப்பட்டிருந்தது. அணைத்தவர் வேறு யாருமல்லர், நாமேதாம்!

காரணம் கேட்டால் அன்பர்கள் வியப்புறுவார்கள். அந்த நிரல் நம் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் திருடன் எனக் கொண்டு சிறையில் அடைத்துவிட்டது. விசைப்பலகையில் நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்து, அதனைத் தமிழெழுத்தாக மாற்றுவது அத்தகைய மென்பொருளின் தொழில். பாஸ்வேர்டுகளைக் களவாடும் ஒற்று நிரல்களும் விசைகளை இடைமறிக்கவே செய்கின்றன. செயலின் சாயலை வைத்து ஐயுறும் காவல் நிரலுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை. கட்டுரையைத் தட்டச்சு செய்ய வேண்டிய அவசரத்தில், "இன்று மட்டும்" என்று காவலை அணைத்தோம். அந்த "இன்று" ஏழு வாரம் நீண்டது. அதற்குள் யாரோ ஒருவரது பென் டிரைவ் வழியே வைரஸ் குடிபுகுந்துவிட்டது.

ஆகவே பொய் எச்சரிக்கை என்பது வெறும் தொந்தரவு அன்று. ஊரறிந்த மனிதர்களைப் பார்த்தெல்லாம் கூச்சலிடும் காவற்காரரை வீட்டுக்காரர் விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவ்வளவில் அவருடைய திறமையெல்லாம் பயனற்றுப் போகிறது. பெரிய நிறுவனங்களும் இப்பிழைக்கு விலக்கல்ல. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் எனக் கருதித் தனிமைப்படுத்தியது. எண்ணற்ற கணிப்பொறிகள் ஓயாது மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தன. 2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்தது வேறு வகை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையுள்ள புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கும் நிலை வந்தது. காக்க வந்த நிரலுக்குக் கணிப்பொறியின் கருவறை வரை செல்லும் உரிமை தருகிறோம். அது இடறினால் வீடே சாய்கிறது.

அவ்வாறாயின் தட்டச்சு மென்பொருள் சிறைப்பட்டபோது நாம் செய்திருக்க வேண்டியது யாது? முதலில், அஃது அதனை இயற்றியவரின் தளத்திலிருந்தே பெறப்பட்டதா என்று பார்த்திருக்க வேண்டும். நண்பர் வாட்ஸாப்பில் அனுப்பிய படி நம்பத்தக்கதன்று. பின்னர், வைரஸ்டோட்டல் என்னும் தளத்தில் அக்கோப்பை ஏற்றினால் எழுபதுக்கு மேற்பட்ட காவல் நிரல்களின் கருத்தை ஒருங்கே அறியலாம். இரண்டொன்று மட்டும் ஐயுறின், பொய் எச்சரிக்கையாக இருக்கலாம். முப்பது நாற்பது சொல்லின், தமிழ்ப்பற்றை ஒருபுறம் வைத்துவிட்டு அதனை அழிப்பதே முறை. ஒன்று நினைவிலிருக்கட்டும்: அங்கே ஏற்றும் கோப்புகளைப் பிற ஆய்வாளரும் பெறக்கூடும், ஆதலின் ஆதார், வங்கி ஆவணங்களை அத்தளத்தில் ஏற்றலாகாது. கோப்பு தூயதென்று தெளிந்தால், தனிமைப்பகுதியிலிருந்து மீட்டு, அந்த ஒரு கோப்பிற்கு மட்டும் விலக்கு அளித்தல் போதும். டி டிரைவ் முழுவதற்குமே விலக்கு அளித்து வைத்திருந்த ஓர் இல்லத்தையும் நாம் கண்டதுண்டு. திருடன் டி டிரைவில் குடியிருந்தால் அவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது?

அலுவலகத்தில் பின்னர் இரண்டு ஆன்டிவைரஸ்களையும் நீக்கினோம். வழக்கமான நீக்கு முறையில் மிச்சங்கள் தங்கிவிடுவதுண்டு. பல நிறுவனங்கள் தத்தம் மென்பொருளை அடியோடு அகற்றத் தனிக்கருவி வைத்துள்ளன. ஒன்றை நீக்கி, மறுதொடக்கம் செய்து, அதன்பின் அடுத்ததைத் தொடுவதே நன்று. இரண்டு காவல்கள் ஒரே கோப்பை ஒரே நொடியில் பிடித்து இழுத்தால், கணிப்பொறி மாட்டுவண்டி வேகத்தில் நகரும். அதனை வைரஸின் வேலை என்று நினைத்து மூன்றாவது காவலையும் நிறுவுவோர் உளர்.

இரண்டும் நீங்கியதும் டிஃபெண்டர் தானே எழுந்தது. அதன் புதுப்பிப்பு நாளைச் சரிபார்த்து, ஆஃப்லைன் சோதனையை இயக்கினோம். விண்டோஸ் முழுமையாக எழுமுன்னரே தேடுவதால், ஒளிந்து விளையாடும் வைரஸ்களுக்கு இச்சோதனையில் இடம் குறைவு. பின்னர் ஐகார் சோதனைக் கோப்பைக் கொண்டு தேர்வு வைத்தோம். இஃது 68 எழுத்துகளே உடைய, தீங்கற்ற ஒரு சிறு கோப்பு. காவல் நிரல்கள் இதனை வைரஸ் போலக் கண்டு கூவவேண்டும் என்பது உலகளாவிய உடன்பாடு. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்க முயன்றதும் எச்சரிக்கை எழுந்தது. காவற்காரர் விழித்திருக்கிறார் என்பதை மட்டுமே இது காட்டும். அவர் எத்துணை வல்லவர் என்பதைக் காட்டாது.

வல்லமையை அளக்க வீட்டில் நம்மால் இயலாது. அதற்கெனவே ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏ.வி.டெஸ்ட் என்னும் ஆய்வகமும், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஏ.வி.கம்பேரட்டிவ்ஸ் என்னும் ஆய்வகமும் உள்ளன. முன்னது பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலைக்கு 6 வீதம் 18 மதிப்பெண் இடுகிறது. அம்மூன்றாவதில்தான் பொய் எச்சரிக்கைகள் எண்ணப்படுகின்றன. விளம்பரங்கள் பேசாத அந்த எண்ணைத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். டிஃபெண்டரும் இத்தேர்வில் பன்முறை முழு மதிப்பெண் பெற்றுள்ளது. எனவே, புதுப்பிப்புகளைத் தவறாது ஏற்கும் விண்டோஸ் 11 உடைய இல்லத்துக்கு விலை கொடுத்து வேறொன்று வாங்க வேண்டுவதில்லை என்பது நம் கருத்து. பத்துப் பதினைந்து கணிப்பொறிகளுடைய அலுவலகத்தின் நிலை வேறு. எந்தப் பொறியில் காவல் அணைந்து கிடக்கிறது என்பதை ஓரிடத்திலிருந்தே காணும் வசதிக்கு அங்கே பணம் தரலாம். சென்னையில் பிறந்த கே7, புனேயில் 1993-இல் கணிப்பொறி பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வளர்ந்த குவிக் ஹீல் ஆகியவற்றைக் குறித்து அன்பர்கள் கேட்கிறார்கள். நம்மூர்ப் பெயர் என்பது மகிழ்ச்சி. எனினும் அவற்றையும் அதே பட்டியலில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

எந்தக் காவலும் பழைய இயங்குதளத்தின் ஓட்டைகளை முற்றும் அடைக்காது. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் பணயப் புழு உலகைச் சுற்றியது. அது நுழைந்த ஓட்டைக்குரிய ஒட்டு அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது என்பதையும் இங்கே நினைவுறுத்துகிறோம்.

பகலில் பெற்றோர் மட்டும் தனித்திருக்கும் இல்லங்களுக்கு ஒரு சொல். திரை முழுதும் சிவந்து, சங்கொலி எழுப்பி, "வைரஸ் புகுந்தது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று வருவது ஆன்டிவைரஸ் அன்று. அஃது ஒரு வெறும் வலைப்பக்கம். உண்மையான காவல் நிரல் எச்சரிக்கும்போது தொலைபேசி எண் தருவதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை மூடிவிடலாம். அதுவும் கைவராத முதியோர் மின்விசையை அணைத்துவிட்டாலும் குற்றமில்லை. ஏமாந்து பணம் செலுத்தியிருப்பின், வெட்கப்பட்டு மறைக்காமல் அப்பொழுதே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். நேரம் செல்லச் செல்லப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் குறையும்.

மலரின் கோப்புகள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. அவற்றுள் ஒன்று, படியெடுக்கும் நேரம் தவிர எதனோடும் இணைக்கப்படாத தனி ஹார்டு டிஸ்க். திருமணப் படங்களோ, மக்களின் சான்றிதழ்களோ இருந்த பென் டிரைவ் திடீரென வெறுமையாய்த் தோன்றினால், ஃபார்மட் செய்யுமுன் அதனை ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வருக. மறைந்தவற்றைத் தேடிப் பார்க்க ஒரு பழைய கணிப்பொறியை இணைய இணைப்பின்றித் தனியே வைத்திருக்கிறோம்.