மாமன் வீட்டுக்கு வந்த மூன்று குறும்பர்கள்

தாய்மாமன் வீட்டுக்கு மருமக்கள் விருந்து வருவது நமக்குப் புதிய செய்தியன்று. கோடை விடுமுறை தொடங்கியதும் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பிள்ளைகள் ரயிலேறி ஊருக்குப் போவதும், மாமன் வீட்டுத் திண்ணையையும் கிணற்றடியையும் அமர்க்களப்படுத்திவிட்டுத் திரும்புவதும் ஆண்டுதோறும் நடப்பவைதாம். அந்த மாமன் முன்கோபத்துக்குப் பேர்போன ஒரு வாத்தாகவும், மருமக்கள் மூவரும் ஒரே அச்சில் வார்த்தெடுத்த வாத்துக் குஞ்சுகளாகவும் இருந்துவிட்டால் என்ன நிகழும்? அதை ஏறத்தாழ எட்டே நிமிஷத்தில் காட்டிய சித்திரப் படம் ஒன்று 1938 ஏப்ரல் 15ஆம் நாள் அமெரிக்காவில் வெளியாயிற்று. வால்ட் டிஸ்னியின் நிலையத்தார் தயாரித்த அப்படத்தின் பெயர் 'டொனால்ட்ஸ் நெஃப்யூஸ்'. இயக்கியவர் ஜாக் கிங்.

ஆங்கிலத்தில் 'நெஃப்யூ' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம், அக்காள் மகனாகவும் இருக்கலாம். தமிழில் கதை சொல்லப் புகுந்தால் அந்த மயக்கம் செல்லாது. உறவு இன்னதென்று முதலிலேயே தெளிந்தாக வேண்டும். நல்ல வேளையாகப் படத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 'உன் மருமக்களாகிய தேவதைகளை அனுப்பி வைக்கிறேன்' என்ற பொருள்பட டொனால்டுக்கு அஞ்சலட்டை எழுதுபவள் அவனுடைய சகோதரி டம்பெல்லா. ஆகவே டொனால்ட் டக் சித்தப்பாவும் அல்லன், பெரியப்பாவும் அல்லன், சாட்சாத் தாய்மாமன். இந்த உறவு விளங்கியவுடன் நம் வீட்டார் படத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. மாமனிடம் மருமக்களுக்கு உரிமை உண்டு. மாமனுக்குப் பொறுக்க வேண்டிய கடமை உண்டு. அமெரிக்கப் பார்வையாளர் வெறும் அட்டகாசமாகக் கண்டதை நம்மவர் உரிமையின் எல்லை மீறிய கதையாகக் காண்கின்றனர்.

கதை மிகச் சிறிது. ஹூயி, டூயி, லூயி என்னும் மூவரும் வந்து சேர்ந்த கணத்திலேயே முச்சக்கர வண்டிகளில் ஏறி, கையில் நீண்ட மரச் சுத்தியல்களுடன் கூடத்தையே போலோ மைதானமாக்கி விடுகிறார்கள். பண்டங்கள் உடைகின்றன, மாமனும் அடி வாங்குகிறான். கொதித்தெழுந்த டொனால்டின் கையில் ஒரு புத்தகம் அகப்படுகிறது. நவீன முறையில் குழந்தைகளைப் பழக்குவது எப்படி என்று கற்பிக்கும் புத்தகம் அது. அதன் சொற்படி கோபத்தை விழுங்கிக்கொண்டு இசையால் பிள்ளைகளை வசப்படுத்த முயல்கிறான். இசை அவர்களுக்கு மாமனைத் தாக்க இன்னொரு வாய்ப்பாகவே முடிகிறது. பிறகு விருந்து படைக்கிறான். உண்ட பண்டத்தின் காரத்தால் மாமனின் வாய் தீப்பற்றியது போலாக, மருமக்கள் தீயணைக்கும் சாக்கில் எஞ்சிய வீட்டையும் பாழாக்கிவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறார்கள். புத்தகமோ கடைசி வரையில் குழந்தைகளின் பக்கமே பேசுகிறது. டொனால்ட் அதைச் சுக்குநூறாகக் கிழித்தெறிகிறான்.

இந்தப் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கும்போது திரையை விட்டுச் சற்றே பார்வையைத் திருப்பிப் பார்ப்பவர்களைக் கவனித்தால் சுவையான விஷயங்கள் புலப்படும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தை முச்சக்கர வண்டிக் காட்சியில் துள்ளிக் குதிக்கும். பத்து வயதுப் பையன் அடுத்த அடி எங்கிருந்து விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சிரிப்பான். பெற்றோருக்குச் சிரிப்பு வரும் இடம் வேறு. அடி விழுந்த பின்னும் புத்தகத்தை எடுத்து அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறானே டொனால்ட், அங்கேதான் அவர்கள் தம்மை மறந்து சிரிக்கிறார்கள். ஊரில் பாட்டியும் அத்தையும் செய்த காரியத்தை அயலூரில் புத்தகத்தின் துணைகொண்டு செய்ய நேர்ந்த இளம் தம்பதிகளுக்கு அந்தச் சிரிப்பில் ஒரு பெருமூச்சும் கலந்திருக்கும். குழந்தை இரவில் வீறிட்டு அழும்போது வசம்பு உரைத்து வைக்கவோ, 'சும்மா இரு, அதுவே சரியாகிவிடும்' என்று அதட்டித் தேற்றவோ பக்கத்தில் ஆளில்லாத வீடு அது. இந்நாளில் புத்தகத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டுவிட்டது.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டியும் இப்படத்துக்கு நல்ல ரசிகை. அவருக்கு இந்தி தெரியாது, ஆங்கிலமும் தெரியாது என்பது இங்கே ஒரு குறையே அன்று. டொனால்ட் பேசுவது அமெரிக்கர்களுக்கே பாதிதான் விளங்கும். கிளாரென்ஸ் நாஷ் என்பவர் கன்னத்துக்குள் காற்றை அடக்கி எழுப்பிய குரல் அது. 1934இல் தொடங்கி 1983ஆம் ஆண்டுப் படம் வரையில் அவரே டொனால்டாகப் பேசினார். அந்தப் பழைய படங்களில் மருமக்களின் குரலும் பெரும்பாலும் அவருடையதே. அதாவது, மாமனும் மருமக்களும் ஒரே தொண்டைக்குள் இருந்துகொண்டு சண்டையிட்டிருக்கிறார்கள்! பேச்சு விளங்காததால் கோபம் மட்டும் துலக்கமாக விளங்குகிறது. பாட்டியும் பேரனும் ஒரே நொடியில் சிரிக்கும் காட்சி அயலூர்த் தமிழ் வீடுகளில் அடிக்கடி வாய்ப்பதன்று. தொலைக்காட்சியில் ஓடும் மற்றவை எல்லாம் இருவரில் ஒருவருக்குத்தான் விளங்கும்.

பெற்றோர் சிலர் இத்தகைய படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவே அஞ்சுகின்றனர். அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய துணைவர்களும் 1963இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று புகழ்பெற்றது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக் குழந்தைப் பள்ளியைச் சேர்ந்த 96 சிறுவர் சிறுமியரை அவர்கள் பிரித்து, சிலருக்குப் பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை உதைத்துக் குத்துவதை நேரிலும், சிலருக்கு அதையே திரைப்படத்திலும், வேறு சிலருக்குப் பூனை வேடமிட்டவர் செய்யும் சித்திரப் படம் போன்ற காட்சியாகவும் காட்டினர். எதையும் காணாத குழந்தைகளைக் காட்டிலும், பார்த்த குழந்தைகள் மூவகையிலும் அதிகமாக முரட்டுத்தனம் காட்டினர். பூனை வேடம் என்பதால் குழந்தைகள் அதை விளையாட்டென்று ஒதுக்கிவிடவில்லை. அடிவாங்குவதற்கென்றே செய்த பொம்மையை அடித்ததை வைத்து மனிதரை அடிப்பார்கள் என்று சொல்ல முடியுமா என்ற மறுப்பும் பின்னர் எழுந்தது. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். மூன்று வயதுக் குழந்தையைத் தனியே படத்தின் முன் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவதைக் காட்டிலும், பக்கத்தில் அமர்ந்து 'மாமாவுக்கு வலிக்குமே' என்று ஒரு வார்த்தை சொல்வது மேல் என்பதே என் கருத்து.

அவ்வாறு சொல்லத் தேவையே இல்லாத படமும் இந்த வரிசையில் உண்டு. 1941இல் வெளிவந்த 'ட்ரூவன்ட் ஆஃபீஸர் டொனால்ட்' என்ற படத்தில் டொனால்ட், பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளைப் பிடிக்கும் அதிகாரியாக வருகிறான். மருமக்கள் தங்கள் குடிலுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொள்ள, அவன் புகைமூட்டி அவர்களை வெளியேற்றப் பார்க்கிறான். குறும்பர்கள் பொரித்த கோழிகள் மூன்றைப் படுக்கையில் கிடத்திவிடுகிறார்கள். உள்ளே நுழைந்த மாமன், தன் கையாலேயே பிள்ளைகளைக் கொன்றுவிட்டதாக எண்ணி நொறுங்கிப் போகிறான். அதுவரை கலகலத்துக்கொண்டிருந்த சிறுவர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவதைக் காணலாம். அழும் மாமனைப் பார்த்துச் சிரிப்பதா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த நொடியே ஒருவன் தேவதை வேடத்தில் மேலிருந்து இறங்கி மாமனை வதைக்கும்போதுதான் சிரிப்பு மீள்கிறது. கடைசியில் மூவரையும் பிடித்து அணிவகுத்து இழுத்துப்போனால், கோடை விடுமுறைக்காகப் பள்ளிக்கூடம் மூடிக்கிடக்கிறது! ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம் இது. என் மனத்துக்கு 1938ஆம் ஆண்டுப் படத்தைவிட இதுவே ஒரு படி உயர்ந்ததாகத் தோன்றுகிறது. அடிக்குப் பின்னே அன்பும் இருக்கிறதென்று இதில்தான் தெரிகிறது.

எல்லாவற்றையும் இப்படிப் புகழ்ந்துவிட முடியாது. 1954ஆம் ஆண்டின் 'ஸ்பேர் த ராட்' படத்திலும் பிரம்பா, குழந்தை உளநூலா என்ற அதே கேள்விதான். ஆனால் அதில் மனிதரைத் தின்னும் குள்ளர்களாக ஓர் இனத்தாரைச் சித்திரித்த இழிவு இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படங்களைத் தேர்ந்தெடுப்போர் இதை விலக்கிவிடலாம்.

மருமக்கள் மூவரும் என்றும் இப்படியே இருந்துவிடவில்லை. கார்ல் பார்க்ஸ் என்ற சித்திரக்காரர் டிஸ்னி நிலையத்தின் கதைப் பிரிவிலிருந்து 1942இல் விலகிச் சித்திரக் கதைப் புத்தகங்களுக்கு வந்தார். அவர் கையில் இக்குறும்பர்கள் மெல்ல மெல்ல அறிவாளிகளானார்கள். 1951இல் அவர்களை ஒரு சாரணர் படையில் சேர்த்தார். 1954இல் அப்படைக்கு உலகத்து விஷயமனைத்தும் அடங்கிய ஒரு கையேட்டையும் கற்பித்தார். மாமனும், பெரும் பணக்காரனான ஸ்க்ரூஜ் தாத்தாவும் ஆபத்தில் சிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் அக்கையேட்டைப் புரட்டிக் காப்பாற்றுவார்கள். 1938இல் பெரியவன் கையில் இருந்து ஒன்றுக்கும் உதவாமற் போன புத்தகம், பதினாறு ஆண்டுகளில் சிறியவர் கைக்கு மாறிப் பயன்படத் தொடங்கிவிட்டது. 1990களில் தூர்தர்ஷனில் இந்தி பேசி வந்த 'டக் டேல்ஸ்' தொடரின் வழியே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிமுகமானவர்கள் இந்த நல்ல பிள்ளைகள்தாம். அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 1938ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டினால் திகைத்துப் போவார்கள்.

இனி, சிறு குழந்தைகள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்விக்கு வருகிறேன். பெரியவர்கள் அதைக் கேட்பதே இல்லை. 'அவங்க அம்மா எங்கே?' என்பதே அக்கேள்வி. நம் மரபில் பிள்ளைக் குறும்பு என்றதும் நினைவுக்கு வருபவன் கண்ணன். அவனைப் பெரியாழ்வார் யசோதையின் இடத்தில் நின்று பாடினார். ஆய்ச்சியர் முறையிட்டால் கேட்பதற்கு அங்கே ஒரு தாய் இருந்தாள். டிஸ்னியின் குறும்பர்களுக்கு அது வாய்க்கவில்லை. டொனால்டை மேடையில் பாட்டுச் சொல்லவிடாமல் கேலி செய்து அவனுடைய கோபத்தை உலகறியச் செய்த 1934ஆம் ஆண்டுப் படத்துச் சிறுவர்கள் அநாதைகள். மருமக்களுக்கோ அஞ்சலட்டையில் மட்டும் ஒரு தாய். படம் வருவதற்கு முன்னரே, 1937 அக்டோபர் 17ஆம் நாள் செய்தித்தாளின் ஞாயிற்றுக்கிழமைச் சித்திரக் கதையில் ஆல் டாலியாஃபெரோ இம்மூவரையும் வரைந்து காட்டியிருந்தார். தகப்பனின் நாற்காலிக்குக் கீழே வெடி வைத்ததில் அவர் மருத்துவமனையில் கிடக்க, பிள்ளைகள் மாமனிடம் வந்து சேர்ந்தனர் என்பது அங்கே சொன்ன காரணம். வேடிக்கையான காரணந்தான். ஆயினும் பிற்காலக் கதைகளில் அவர்கள் மாமனோடேயே தங்கிவிட்டார்கள். தாய் அழைத்துப்போக வரவில்லை.

வேலை மாற்றலின் போதும், பள்ளியில் தமிழ் இல்லாத குறையாலும், வீட்டு வாடகைக்கு அஞ்சியும் ஒரு பிள்ளையை ஊரில் மாமன் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ விட்டு வைத்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! அப்படி வளர்ந்தவர்கள் இப்பொழுது பெற்றோராகியிருக்கிறார்கள். தங்கள் குழந்தை இக்கேள்வியைக் கேட்கும்போது அவர்கள் சட்டென்று பதில் சொல்வதில்லை. மாமன் வீட்டில் செய்த குறும்பையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்பவர்கள், தபால்காரருக்காகக் காத்திருந்த மத்தியான வேளைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

படம் எடுத்தவர்களின் வழிவந்தோரும் அக்கேள்வியை எண்பது ஆண்டுகள் ஒத்திப் போட்டார்கள். 2017இல் புதிதாகத் தொடங்கிய 'டக் டேல்ஸ்' தொடரில் மருமக்கள் தங்கள் தாயைப் பற்றிய உண்மையைத் தேடத் தொடங்கினர். பிற்காலத்தில் டெல்லா என்றே வழங்கிய அத்தாய், 2018இல் முதற் பருவத்தின் இறுதியில் உயிரோடு காணப்பட்டாள். இருந்த இடம் சந்திரன்! விண்கலத்தில் போய்த் திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொண்டவள், 2019இல் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தாள். அந்தப் பகுதிகளைப் பிள்ளைகளோடு பார்க்க விரும்புவோர், முதலில் 1938ஆம் ஆண்டுச் சிறு படத்தைக் காட்டி, அந்த அஞ்சலட்டையைச் சற்று நிறுத்திப் படித்துக் காட்டிவிட்டுப் பின்னர் அவற்றைக் காட்டுவது நலம்.