ஊசி போட்டா நெஞ்சு வலி வருமா? பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்!

கள்ளக்குறிச்சி:
நல்லா இருந்த ஆள் திடீரென சுருண்டு விழுந்து இறந்தார் என்று சேதி வந்தால் போதும். "எல்லாம் அந்த கொரோனா ஊசியால வந்த வினை" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பி விடுகிறது. இதில் எது உண்மை? எது புரளி?

நடிகர் விவேக் மரணம்

தமிழ்நாட்டில் இந்த பீதி பெரிதாக கிளம்பியது 2021-ல். நடிகர் விவேக் ஏப்ரல் 15-ந்தேதி சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில் கோவாக்சின் ஊசி போட்டுக் கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ந்தேதி அதிகாலை இறந்து போனார். ஊரே அதிர்ந்தது.

இதயத்துக்கு போகும் முக்கிய ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு இருந்ததாக டாக்டர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்ட அடைப்புக்கு அடிப்படையான கொழுப்பு ஒரே நாளில் சேர்வது இல்லை. பல வருடமாக படிவது. மத்திய அரசின் நிபுணர் குழுவும் விசாரித்து, அவரது மரணத்துக்கு ஊசி காரணம் இல்லை என்று 2021 அக்டோபரில் அறிவித்தது.

இதய வீக்கம் என்றால் என்ன?

மாரடைப்பு வேறு, இதய தசை வீக்கம் வேறு. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைத்துக் கொள்ளும். வீக்கத்தில் இதயத்தின் தசையே புண்பட்டு வீங்கும். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், படபடப்பு வரும்.

ஊசியால் இது வருமா? வரும், ஆனால் அபூர்வம். பைசர், மாடர்னா என்ற வெளிநாட்டு ஊசிகளில் இது உறுதியானது. அமெரிக்காவில் 2021-ல் எடுத்த கணக்குப்படி, 2-வது ஊசி போட்ட 12 முதல் 29 வயது ஆண்களில் 10 லட்சம் பேருக்கு சுமார் 40 பேருக்கு வந்தது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்து விட்டது. அநேகம் பேர் மருந்து, ஓய்விலேயே தேறினார்கள். கொரோனா நோய் வந்தாலும் இதயம் வீங்கும்.

நம்ம ஊரில் பெரும்பாலானவர்களுக்கு போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். இவை வேறு வகை ஊசிகள். கோவிஷீல்டில் மிக அபூர்வமாக ரத்தம் உறையும் பாதிப்பு உண்டு. அதுவும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரக்கூடியது. வருடக்கணக்கு கழித்து வரும் நெஞ்சு வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது.

திடீர் சாவுக்கு எது காரணம்?

சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2023-ல் நாடு முழுக்க 47 ஆஸ்பத்திரிகளில் ஆய்வு செய்தது. 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் சாவுக்கு ஊசி காரணம் இல்லை என்று தெரிந்தது. கொரோனாவால் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், குடும்பத்தில் யாராவது திடீரென இறந்தவர்கள், சாவதற்கு 2 நாளுக்குள் அளவுக்கு மீறி குடித்தவர்கள், உடம்பை ரொம்ப வருத்தியவர்கள் ஆகியோருக்குத்தான் ஆபத்து கூடுதலாக இருந்தது.

வாய்வு என்று இருக்காதீங்க

வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து கிராமங்களில் நெஞ்சு வலித்தால், மலைப்பாதையில் இறங்கி கள்ளக்குறிச்சி வருவதற்குள் நேரம் ஓடி விடும். "வாய்வுதான், கசாயம் குடிச்சா சரியாப் போயிடும்" என்று காத்திருக்காதீங்க. உடனே 108-க்கு போன் போடுங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போனாலும் முதல் மாத்திரை கிடைக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு அங்கேயே மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தை தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. எந்த ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள் நெஞ்சு வலி வந்தாலும், ஊசி போட்ட விவரத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க. ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் செய்து பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. கொரோனா ஊசி பயத்தில் கைக்குழந்தைக்கு போடும் ஊசியை நிறுத்திடாதீங்க. தொண்டை அடைப்பான் நோயின் விஷம் குழந்தையின் இதயத்தையே தாக்கும். அதை தடுப்பது, 6, 10, 14 வாரத்தில் இலவசமாக போடும் அந்த ஊசிதான். ஊசிக்கு பயந்து இதயத்தை பறிகொடுக்கலாமா?